பாளையங்கோட்டையிலிருந்து குல்மார்க்: பனிமலைப் பாதுகாப்புப் பயிற்சி எப்படி இருந்தது?

பாளையங்கோட்டையில் இயங்கும் ஒரு மலையேற்றக் குழு, குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்குக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறது. விளம்பரத்தில் பனிச்சறுக்குப் பயணம் என்றுதான் போட்டிருப்பார்கள். சறுக்கக் கற்றுத்தர குல்மார்கில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை, வண்டியை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொள்வார்கள். நான் இந்தக் குழுவில் பணம் கட்டியது அதற்காக இல்லை. பனிச்சரிவு எதனால் வருகிறது, அதன் பாதையில் போய் நிற்காமல் இருப்பது எப்படி, கூட வந்தவர் புதைந்துபோனால் என்ன செய்வது என்பதையெல்லாம் முறையாகச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தேன். அந்த விஷயத்தில் சொன்னதைச் செய்தார்கள். வேறு சிலவற்றில் கோட்டை விட்டார்கள். அடுத்த குளிர்காலத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இரண்டையும் எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். மலையேற்றம் என்றால் பாபநாசம், களக்காடு பக்கம் காட்டில் நடந்த பழக்கம் மட்டும்தான். கூட வந்தது கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள். எங்களைத் தவிர மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி, திசையன்விளையில் கடை வைத்திருக்கும் இரண்டு நண்பர்கள், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், பொறியியல் படிக்கும் பையன்கள் சிலர். ஒருவர்கூட அதற்கு முன் பனியை நேரில் பார்த்ததில்லை. கட்டணம் ஆளுக்கு 46,000 ரூபாய். ஸ்ரீநகரிலிருந்து வண்டி, தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், கருவி வாடகை எல்லாம் இதில் அடக்கம். ரயில் கட்டணமும் மலைமேல் ஏற்றிச் செல்லும் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் டிக்கெட்டும் தனி.

குழுவை நடத்துகிறவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வள்ளியூர்ப் பக்கம். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். பனிமலைக் காவலில் இருந்த அனுபவம் உள்ளவர். முதல் வகுப்பில் அவர் படமோ காணொளியோ எதுவும் காட்டவில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் நடந்ததைச் சொன்னார். மதராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள், அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார், சில நாளிலேயே டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி எங்களைப் பார்த்து, "ஆறு நாள் தாக்குப் பிடிச்சாரேன்னு நெனச்சு நமக்கும் நேரம் இருக்குன்னு கணக்குப் போடாதீங்க. நமக்கு இருக்கறது பத்து நிமிஷம்" என்றார்.

அந்தப் பத்து நிமிடம் வாய்ப்பேச்சு இல்லை. சுவிட்சர்லாந்தில் 40 ஆண்டுகளாகச் சேர்த்த விபத்துத் தரவுகளை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. பனிக்குள் முழுக்கப் புதைந்தவர்களைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதைத் தாண்டி அரை மணி ஆகிவிட்டால் பிழைக்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துப்போகிறார்கள். வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேரும்வரை இந்த நேரம் காத்திருக்காது. அதனால் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் மீட்க வேண்டும். மொத்தப் பயிற்சியும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அமைந்திருந்தது. எனக்கு இந்தக் குழுவின் மேல் நம்பிக்கை வந்ததும் அங்கேதான்.

கிளம்புவதற்கு முன் சில வார ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலேயே வகுப்பு வைத்தார்கள். இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பனியே இல்லாத ஊரில் பனி மீட்பை எப்படிப் பழகுவது? கொக்கிரகுளத்துக்குக் கீழே ஆற்றங்கரையில், வெயில் ஏறுவதற்கு முன் கூடினோம். ஒரு சாக்கில் பழைய துணிகளைத் திணித்து, அதற்குள் டிபன் பாக்ஸில் பீக்கன் என்ற சமிக்ஞைக் கருவி ஒன்றை வைத்து, மணலில் புதைத்துவிட்டு மேலே தடம் தெரியாமல் நிரவிவிடுவார்கள். நாங்கள் கையில் இன்னொரு பீக்கனை வைத்துக்கொண்டு தேடுவோம்.

பீக்கன் என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. உலகம் முழுக்க எந்த கம்பெனி செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் வேலை செய்யும். மலைக்குப் போகும்போது எல்லாருடைய பீக்கனும் அனுப்பும் நிலையில் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். திரையில் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் தெரியும். எண் குறையக் குறைய நெருங்குகிறோம் என்று அர்த்தம். அம்புக்குறி நேராக இழுத்துக்கொண்டு போகாது, வளைந்துதான் கூட்டிப் போகும். காந்தப்புலக் கோடுகள் அப்படித்தான் இருக்கின்றன. இது தெரியாமல் எண் கொஞ்சம் ஏறியதும் பலர் பதறித் திரும்பிவிடுகிறார்கள். எண் மூன்றுக்கு வந்ததும் ஓட்டத்தை விட்டுவிட்டு, முட்டி போட்டு, பீக்கனைத் தரையை ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். முன்னே பின்னே ஒரு கோடு, இடம் வலம் ஒரு கோடு. மிகக் குறைந்த எண் எங்கே வருகிறதோ அங்கே குறி.

அப்புறம் புரோப் கம்பு. மடித்து வைத்திருக்கும் அலுமினியக் குழாய், உதறினால் நீண்டு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், நீளம் இரண்டரை மீட்டரை ஒட்டி இருக்கும். குறி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டே போக வேண்டும். மணலில் கல் தட்டினால் கையில் சுருக்கென்று ஏறுகிறது. அடித்தரை தட்டினால் மொட்டையாக நின்றுவிடுகிறது. துணிச்சாக்கைத் தொட்டால் மட்டும் கம்பு லேசாக மேலே எழும்பித் திரும்புகிறது. அந்த வித்தியாசத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் விளக்க முடியாது, கை தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணாச்சி எங்கள் கண்ணைக் கட்டிவிட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பிறகு குல்மார்கில் உண்மையான பனியில் செய்தபோது அந்த எழும்பல் கைக்கு உடனே பிடிபட்டது. சாக்கைத் தொட்டதும் கம்பை உருவிவிடக் கூடாது, அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும் என்பதையும் மணலிலேயே பழகிக்கொண்டோம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெல்லையிலிருந்து கட்ராவுக்கு நேராகவே ரயில் இருக்கிறது. அங்கிருந்து செனாப் பாலம் வழியாக ஸ்ரீநகருக்கு வந்தே பாரத், பகல் நேரத்தில் போனால் கண்ணுக்கு விருந்து. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை சாதாரண வண்டியில் போய், அதற்கு மேல் சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டிக்கு மாறினோம். ஒன்றை மட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: மற்ற மாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். கட்ரா வந்த பிறகுதான் பாதிப் பேருக்கு இது தெரிந்தது. பாதுகாப்பைச் சொல்லித்தரும் குழு இதை விட்டது சரியில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சில்லாய் கலான் முடிகிற சமயம். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர் காலத்தை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம், நம் அகத்தியமலை உச்சியே 1,868 மீட்டர்தான். முதல் நாள் எங்கள் யாரையும் பனிப்பலகையைத் தொடவிடவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மெதுவாக நடக்க வைத்து, தலைவலி யாருக்கு வருகிறது, சாப்பாடு யாருக்கு இறங்கவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அஃபர்வாட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குப் போய்விடலாம், அதுவும் கொஞ்ச நேரத்தில். உடம்புக்கு அந்த உயரம் அவ்வளவு சீக்கிரம் பழகாது. முதல் நாள் ஓய்வு வேண்டும் என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவர்கள் திட்டத்திலேயே இருந்தது. அதற்கு முழு மதிப்பெண்.

சறுக்கப் பயிற்சி கீழே உள்ள சாதாரணச் சரிவில் நடந்தது. உள்ளூர்ப் பயிற்சியாளர் மிகவும் பொறுமைசாலி. பலகைகளின் முன்முனையை ஒட்டி வைத்து பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது, பக்கவாட்டில் படியேறுவது, பின்னால் சாயாமல் பக்கமாக விழுவது, விழுந்தால் எழுவது. கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்பதைச் சறுக்கத் தொடங்கும் முன்பே மனப்பாடம் செய்ய வைத்தார். என் அண்ணன் மகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எனக்கு முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே தொடைக்கும் முழங்காலுக்கும் உடற்பயிற்சி செய்துவிட்டுப் போங்கள், நம்மூரில் படியேறி இறங்குவதே போதும்.

கருவி வாடகைக்கு எடுத்த கடைதான் கடுப்பைக் கிளப்பியது. பலகையோடு பூட்ஸைப் பிடித்து வைத்திருக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அளவு ஆகியவற்றைப் பார்த்து வைக்க வேண்டும். அந்தக் கடையில் யாரையும் எதுவும் கேட்காமல் முந்தைய ஆள் விட்டுப்போன அளவிலேயே தூக்கிக் கொடுத்தார்கள். மேலப்பாளையத்து அக்கா ஒல்லியானவர், அவருக்கு வந்தது ஒரு கனத்த ஆளின் அளவு. விழுந்திருந்தால் பைண்டிங் கழலாது, கால்தான் முறுக்கிக்கொள்ளும். பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்து, திருப்பி அனுப்பி, மாற்றிக் கொண்டுவர வைத்தார். இரண்டு மணி நேரம் போனது, போனால் போகட்டும். நீங்கள் யாரோடு போனாலும் உங்கள் எடையைக் கேட்காத கடையில் கருவி எடுக்காதீர்கள்.

பனியைப் படிக்கும் வகுப்புக்கு வருகிறேன். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவில்தான் கிளம்பும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும், அதைவிடச் சாய்வு குறைந்தால் பெரும்பாலும் நகராது. சரிவை அளக்க போனிலேயே வழி இருக்கிறது. ஆனால் நாம் நிற்கும் இடம் சமதளமாக இருந்தால் பிழைத்தோம் என்று அர்த்தமில்லை, தலைக்கு மேலே எந்தச் சரிவு தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே கிளம்பியது கீழே சமதளம் வரை ஓடி வரும். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி குல்மார்குக்கு மேலே கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. மலையில் பயிற்சி எடுத்தவர்களுக்கே அந்தக் கதி. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இரண்டு பேர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் என்று அதே மலையில் தொடர்ந்து சாவு விழுந்திருக்கிறது.

பனி ஒரே மொத்தையாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நடுவில் எங்கோ ஓர் அடுக்கு சர்க்கரைப் பதத்தில் ஒட்டாமல் கிடக்கும், அதன் மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி கெட்டியான பாளமாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் நாம் ஏறினால் அடியில் உள்ள பலவீனமான அடுக்கு நொறுங்கி, பாளம் முழுவதும் ஒரே நேரத்தில் கழன்று வரும். சறுக்கு விபத்துகளில் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் கூட்டாளிகளோதான் என்று பயிற்சியாளர் சொன்னார். பயமுறுத்துவதற்காக இல்லை. நாம்தான் கிளப்புகிறோம் என்றால் கிளப்பாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது என்பதற்காக.

இதைப் பழக ஒரு குழி தோண்டினோம். குழியின் சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பனித்தூண் ஒன்றைப் பிரித்தெடுத்து, மேலே ஷவல் என்ற பனி தோண்டும் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில் தூண் எந்த ஆழத்தில் வெட்டுப்பட்டு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தூண் முழங்கைத் தட்டு தொடங்கியதுமே பாதியில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. வெட்டுப்பட்ட இடம் கத்தியால் அறுத்த மட்டத்துக்கு வழவழவென்று இருந்தது. அந்தப் பக்கத்தை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், பனி பிடிபடாமல் மணி மணியாக உதிர்ந்தது. இந்த அடுக்கு மேலே எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இன்று போகக் கூடாது என்றார் பயிற்சியாளர்.

குற்றாலத்தில் குளிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். அருவித் தண்ணீரின் நிறம் மாறுகிறது, சருகும் சுள்ளியும் விழத் தொடங்குகின்றன, உடனே ஊர்க்காரர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வெளியூர்க்காரர்கள் இன்னும் ஐந்து நிமிடம் என்று நிற்பார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பதினேழு வயதுப் பையனை இழந்தோம், நம் மாவட்டத்துப் பிள்ளை. பனிக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு: பக்கத்துச் சரிவில் புதிதாக இறங்கிய பனிச்சரிவின் தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், பனிக்குள் வும்மென்று ஒரு சத்தம், இரவில் கொட்டிய புதுப்பனி, பலத்த காற்று, திடீரென்று ஏறும் வெயில். நம் கண்ணுக்கு அருவி பழகியிருக்கிறது, பனி பழகவில்லை. அதற்காகத்தான் சொல்லித்தர ஆள் வேண்டும். சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வருகிறது. தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அன்றைய எச்சரிக்கையை ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும், நாளுக்கு ஒருவர் முறை. நல்ல பழக்கம்.

பனியில் நடந்த மீட்புப் பயிற்சியில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது தோண்டுவதுதான் எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்னும் என்பது. பீக்கனும் புரோப்பும் சேர்ந்து சில நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிடும். சரிந்து வந்து நின்ற பனி இறுகிக் கிடக்கும், அதைத் தோண்ட உலோக ஷவல் வேண்டும், பிளாஸ்டிக் உடைந்துவிடும். புரோப் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவரின் மேல் நாமே ஏறி மிதிக்கிறோம். சரிவின் கீழ்ப்பக்கத்தில், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, உள்நோக்கித் தோண்டிப் போக வேண்டும். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இரண்டு இரண்டு பேராக நின்று பனியைப் பின்னுக்குத் தள்ள, முன்னால் நிற்கிறவர் களைப்பதற்கு முன்பே இடம் மாற. முதலில் எல்லாரும் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டு வெட்டியபோது கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரிசை பிடித்துச் செய்ததும் பத்து நிமிடத்துக்குள் சாக்கு வெளியே வந்தது. திசையன்விளை அண்ணன்தான் சத்தம் கொடுத்து ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார், அவர் கடையில் லோடு இறக்கிய பழக்கம் கைகொடுத்தது.

என் தொழில் சம்பந்தப்பட்ட முதலுதவி வகுப்புதான் மெலிந்து போயிருந்தது. ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள், அதிலும் பாதி கட்டுப்போடுவதற்கே போய்விட்டது. புதைந்து எடுக்கப்பட்டவர் மூச்சில்லாமல் கிடந்தால் முதலில் முகத்தையும் வாயையும் விடுவித்துப் பனியை எடுத்துவிட்டு மூச்சு கொடுக்க வேண்டும். மூச்சு முட்டி நின்றுபோன இதயத்துக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது. இது அவர்கள் பாடத்தில் இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப நீங்களே எடுங்க தாயி" என்று அடுத்த நாள் மாலையை எனக்கு விட்டுக்கொடுத்தார். விறைத்துப்போன விரலைப் பனியால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது, மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் வெந்நீரில் வைத்து உருக்கவும் கூடாது என்பதை எல்லாம் அன்று சொன்னேன். நல்லபடியாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு செவிலியர் இருக்கப் போவதில்லை, இதை அவர்கள் பாடத்திலேயே சேர்க்க வேண்டும்.

தங்கிய இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தது, ராஜ்மாவும் சோறும் சூடாகக் கிடைத்தன. அறையில் புகாரி என்று சொல்லும் அடுப்பை மூட்டிவிட்டு, குளிர் வராமல் இருக்கச் சன்னல் இடுக்கிலெல்லாம் துணி திணித்து வைத்திருந்தார்கள். புகைக்குழாய் மூட்டில் இடைவெளி இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காஷ்மீரில் குளிர்காலத்தில் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. மலையில் பத்து நிமிடக் கணக்கைச் சொல்லித்தந்தவர்கள் படுக்கையறையைப் பார்க்காமல் விட்டது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாதது. நான் சத்தம் போட்ட பிறகு குழாயைச் சரிசெய்தார்கள், தூங்கும் முன் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கம்பளியோடு படுத்தோம். இதற்கு எச்சரிக்கை ஒலி எழுப்பும் சின்னக் கருவி விற்கிறது. குழு அறைக்கு ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.

இந்தப் பயணத்தை நான் எல்லாரிடமும் எடுத்துச் சொல்லக் காரணமான நாள் ஒன்று உண்டு. முந்தைய இரவு நல்ல பனி, காற்றும் அடித்தது. காலையில் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தைத் திறக்கவில்லை. பனிக்காலணி மாட்டிக்கொண்டு கிலன்மார்க் பக்கம் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம், நிலைமையைப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் திரும்புவோம் என்று கிளம்பினோம். மரங்கள் முடிந்து ஒரு சின்ன வெட்டவெளி. முன்னால் போன இரண்டு பேர் காலை வைத்ததும் காலுக்கடியில் வும்மென்று ஒரு சத்தம் கேட்டது, கேட்டதைவிட வயிற்றில் உணர்ந்தேன் என்பதுதான் சரி. அவர்கள் நின்ற இடத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல் ஏழெட்டு அடிக்கு ஓடியது. இடம் சமதளம், அதனால் எதுவும் நகரவில்லை.

எல்லாரையும் மரத்தடிக்குத் திரும்ப வரச் சொன்னார் பயிற்சியாளர், ஒவ்வொருவராக. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். எதிரே வேறு ஏதோ குழு நடந்துபோன தடம் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு பேர் போயிருக்கிறார்களே என்றான் ஒரு பையன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், காசும் கட்டியிருக்கிறோம் என்றார் வங்கிக்காரர். கூட வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண்ணம்தான், சத்தம் சமதளத்தில்தானே வந்தது என்று. அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை. இருப்பவர்களில் சின்னவரிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லட்டும் என்றார். என் அண்ணன் மகள்தான் சின்னவள். எல்லார் முகத்தையும் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள். அப்புறம், "எனக்கு இது சரியாப் படல. அத்தை வந்தாலும் நான் வரல" என்றாள்.

"சரி, திரும்புவோம்" என்றார் அண்ணாச்சி. அடுத்த ஆளைக் கேட்கவே இல்லை. பாளையங்கோட்டையில் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்த விதி அது: குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் போதும், காரணம் கேட்கக் கூடாது, பிறகு கேலி செய்யவும் கூடாது. வகுப்பில் கேட்டபோது எல்லாரும் தலையாட்டினோம். ஏமாற்றத்தோடு நின்ற பெரியவர்கள் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி நடந்ததை அன்று பார்த்தேன். அவளுக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

மாலையில் அதைப் பற்றியே பேசினோம். இயன் மெக்கம்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூற்றுக்கணக்கான பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். சிக்கியவர்களில் பனியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களும் நிறைய இருந்தார்கள். தெரிந்த இடம்தானே என்ற தைரியம், மற்றவர்கள் முன் மதிப்பு, போட்ட திட்டத்தை விட மனமில்லாமை, தலைவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரம், அடுத்தவர் தடம் தரும் நம்பிக்கை, இவைதான் அவர்களை உள்ளே இழுத்தன என்று எழுதினார். காலையில் நாங்கள் மரத்தடியில் நின்று பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பட்டியலில் இருந்தது. வங்கிக்காரர் தானாகவே முன்வந்து அதை எடுத்துச் சொன்னார். சின்னவரை முதலில் கேட்பதற்குக் காரணமும் அதுதான். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு சின்னவர்கள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் அவசரப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் இதை நான் தினமும் பார்க்கிறேன், திரும்பி வந்ததும் காலை அறிக்கை நேரத்தில் அவர்களை முதலில் பேசச் சொல்லிவிட்டேன்.

குறைகளில் இன்னும் இரண்டு பாக்கி. ஒன்று, பீக்கன்கள் ஆளுக்கு ஒன்று இல்லை, பயிற்சியில் இரண்டு பேருக்கு ஒன்றுதான். மலைக்குப் போன அன்று மட்டும் வெளியில் வாடகைக்கு எடுத்து ஆளுக்கு ஒன்று தந்தார்கள், அதில் ஒன்றில் பேட்டரி குறைந்திருந்தது, கிளம்பும் முன் சோதித்ததில் தெரிந்தது. போனைப் பீக்கனுக்குப் பக்கத்தில் வைத்தால் அலைவரிசையில் குறுக்கிடும், அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள், ஆற்றங்கரையிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டாவது, கொண்டுவர வேண்டிய துணிப் பட்டியல். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் போதும் என்று அனுப்பியிருந்தார்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேல்சட்டை என்று மூன்று அடுக்காக வாங்குங்கள். கண்ணாடியை மறக்கக் கூடாது. புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், மேகமூட்டத்திலும் கண் எரிந்துவிடும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டு விலக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் முதலில் பார்த்த பாலிசியில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருந்தது.

சறுக்குவதில் தேர்ச்சி பெறுவதுதான் நோக்கம் என்றால் இந்தப் பயணம் போதாது. குல்மார்கிலேயே ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, அங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளைப் பாருங்கள். போட்டோ எடுத்துவிட்டு வர ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் குழுவின் கண்டிப்பு பிடிக்காது. பனிமலைப் பக்கம் தொடர்ந்து போக நினைப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பும் ஆசிரியர்கள், இமயமலையில் குளிர்கால நடைப் பயணம் திட்டமிடுகிறவர்கள் கட்டாயம் சேரலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு பீக்கனும், அரை நாள் முதலுதவியும், அறைக்கு ஒரு எச்சரிக்கைக் கருவியும் வந்துவிட்டால் அந்த மிச்சத்தையும் கொடுத்துவிடுவேன், இதை அண்ணாச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். அடுத்த குழுவுக்கான ஆற்றங்கரை வகுப்பு தீபாவளி முடிந்ததும் தொடங்குமாம். பயணத்துக்குப் பணம் கட்டாதவர்களும் அந்த வகுப்புக்கு மட்டும் வந்து பார்க்கலாம் என்கிறார்கள். முதலில் அதற்குப் போய்ப் பாருங்கள்.